கைமணம்

கைமணம் என்றொரு சொல் நம் தமிழில் உண்டு. அரிசியும் வெல்லமும் நெய்யும் எல்லார் வீட்டிலும் ஒன்றே. அடுப்பும் நெருப்பும் ஒன்றே. ஆயினும் ஒருவர் செய்த அதிரசத்தை மற்றொருவர் செய்ததிலிருந்து பிரித்தறிந்து, "இது பெரியம்மா கைமணம்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுகிறோம். பணியாரம் என்னும் சொல், பண்ணிகாரம் என்னும் பழைய சொல்லிலிருந்து வந்தது என்பர். பண்ணப்பட்டது, கையால் ஆக்கப்பட்டது என்பது அதன் உட்பொருள். ஆகவே வீட்டில் செய்த பண்டம் ஒன்றை விழா நாளில் பிறர்க்குக் கொடுக்கும்போது மாவையும் சர்க்கரையையும் மட்டும் நாம் கொடுப்பதில்லை. செய்த கையையும் சேர்த்தே கொடுக்கிறோம். வாங்குகின்றவரும் அந்தக் கையை ஏற்கிறார். அல்லது ஏற்க மறுக்கிறார். பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இப்பழக்கத்துக்குள் எவ்வளவு பெரிய செய்தி அடங்கியிருக்கிறது என்பதை, பணி ஓய்வு பெற்ற இந்நாள்களில் நான் அடிக்கடி எண்ணிப் பார்க்கிறேன்.

ஆசிரியப் பணியின் பொருட்டு நான் சிறுவாச்சூருக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பெரம்பலூரைக் கடந்ததும் வருகிற ஊர் இது. மதுரகாளியம்மன் கோயிலால் பெயர் பெற்றது. திங்கள், வெள்ளி ஆகிய இரு நாள்களில்தாம் அங்கே வழக்கமான வழிபாடு நடைபெறும். அந்நாள்களில் தொலைவிலுள்ள ஊர்களிலிருந்தெல்லாம் குடும்பங்கள் வந்து இறங்கும். அவர்கள் செலுத்தும் நேர்த்திக்கடன்களுள் பெயர் பெற்றது மாவிளக்கு. கோயில் எல்லையிலேயே பச்சரிசியை ஊறவைத்து, உரலிலிட்டு உலக்கையால் இடித்து, சலித்து, வெல்லமும் ஏலமும் சேர்த்துப் பிசைவதைச் சிறப்பாகக் கருதுகின்றனர். பிசைந்த மாவின் நடுவில் குழி செய்து, நெய் வார்த்து, திரியிட்டு ஏற்றுவர். சுடர் அடங்கியபின் அந்த மாவே அனைவர்க்கும் பங்கிடப்படும். சுடர் பட்ட இடத்து மாவு சற்றே வெந்து, நெய்யில் சிவந்து, தனி மணம் பெற்றிருக்கும். குழந்தைகள் அந்தப் பகுதிக்காகவே காத்திருப்பர்.

என் வீட்டுக்கு எதிரில் குடியிருந்த அம்மையார் ஒருவர், தம் வீட்டு நேர்த்திக்கடன் நாள்களில் ஓர் உருண்டை மாவை வாழையிலையில் வைத்துக் கொண்டுவருவார். "டீச்சர், படைக்கிறதுக்கு முன்னாடியே உங்களுக்குன்னு எடுத்து வெச்சது. தயங்காமச் சாப்பிடுங்க" என்பார். என் மனச்சான்றுக்கு ஓர் உறுத்தலும் நேரக்கூடாது என்று, நான் கேளாமலே அவர் எடுத்துக்கொண்ட கவனம் அது. அவர் முட்டை உண்ணாதவர். எனவே டிசம்பர் மாதத்தில் அவர் வீட்டுக்குப் போகும் கேக்கை முட்டையின்றித் தயிர் சேர்த்துத் தனியே செய்வேன். அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இருவர் நம்பிக்கையும் இருவர் அடுப்பும் வேறு வேறாக இருந்தும், ஒருவர் வாய்க்கு எது ஏற்கும் என்பதை மற்றவர் நினைத்துச் சமைத்தோம். பரிசு என்பதற்கு இதனினும் நல்ல விளக்கத்தை நான் எந்நூலிலும் படித்ததில்லை.

இந்தப் பழக்கம் எனக்கு வந்தது அம்மாவிடமிருந்து. நாங்கள் பிறந்து வளர்ந்த ஊர், இன்றைய அரியலூர் மாவட்டத்தின் முந்திரிக் காட்டுப் பகுதியில் இருந்தது. அந்நாளில் அது திருச்சி மாவட்டம். 1995இல் பெரம்பலூர் மாவட்டமாயிற்று. 2007இல் அரியலூர் மீண்டும் தனி மாவட்டமாயிற்று. மாவட்டங்கள் எத்தனை முறை மாறினாலும் செம்மண்ணும் முந்திரி மரமும் மாறவில்லை. அம்மா சிறுமியாக இருந்தபோது அருட்சகோதரியர் நடத்திய விடுதியில் தங்கிப் படித்தவர். கணக்கும் தையலும் கற்றதோடு, கேக் செய்யும் முறையையும் அங்கேதான் கற்றார். அக்கலைக்கு அவர் வைத்திருந்த அளவு வாய்பாடு மிக எளியது. தராசின் ஒரு தட்டில் நான்கு முட்டைகளை வைப்பார். மறு தட்டில் முட்டை எடைக்கு மாவு, அதே எடைக்கு வெண்ணெய், அதே எடைக்குச் சர்க்கரை. நான்கு முட்டை ஏறத்தாழ 200 கிராம்; ஆகவே நான்கும் சேர்ந்து 800 கிராம் கலவை. ஐரோப்பியர் 'பவுண்டு கேக்' என்று அழைப்பதன் இலக்கணமும் இதுவே. ஒவ்வொரு பொருளிலும் ஒரு பவுண்டு என்பதால் அதற்கு அப்பெயர். எங்கள் வீட்டில் தராசு இல்லை. மளிகைக் கடைக்காரர் இரவு கடையைச் சாத்தும் நேரத்தில் கடனாகக் கொடுப்பார். மறுநாள் அவருக்கு ஒரு துண்டு போய்விடும்.

அன்று கோதுமை மாவு நம் பக்கத்து வீடுகளில் அரிய பொருள். வரகும் சோளமும் கம்பும் விளைந்த மண் இது. நெல்லுச் சோறே சில வீடுகளில் விழா நாள் உணவு. 1954இல் அமெரிக்கா இயற்றிய பி.எல். 480 என்னும் சட்டத்தின் வழியாகக் கோதுமை கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு வந்தது. 1960களில் கிறிஸ்தவ உதவி அமைப்புகளின் மூலம் மாவும் பால்பொடியும் எண்ணெயும் பல பங்குகளுக்கு வந்தன. பஞ்சம் தீர்க்க வந்த அந்த மாவில் பெரும்பகுதி கஞ்சியாகவும் களியாகவும் பசி தீர்த்தது. ஆண்டுக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு சிறு பகுதி கேக் ஆயிற்று. நெருக்கடி காலத்து மாவை விழாப் பண்டமாக மாற்றிய தாய்மாரின் துணிவை இன்று நினைத்தாலும் வியப்பாகவே உள்ளது.

அடுமனை இல்லாத ஊரில் கேக் எவ்வாறு வெந்தது என்று இளைய வாசகர் கேட்கலாம். பெரிய அலுமினியக் குண்டானில் இரண்டு விரற்கடை உயரத்துக்குச் சலித்த ஆற்றுமணலைப் பரப்பி, விறகடுப்பில் ஏற்றி அரைமணி நேரம் காயவைப்பார் அம்மா. ஒரு சிட்டிகை மாவை மணல்மேல் தூவிப் பார்ப்பார். உடனே கருகினால் சூடு மிகுதி. மெல்லப் பொன்னிறமானால் பதம். வெண்ணெய் தடவித் தாள் விரித்த தகரப் பாத்திரத்தில் கலவையை ஊற்றி மணலின்மேல் இறக்கி, மேலே தட்டை மூடி, தட்டின்மேல் கொட்டாங்கச்சித் தணலைப் பரப்புவார். கீழே மணல் சூட்டைச் சீராகப் பரப்பும். மேலே தணல் நிறம் கொடுக்கும். அடுத்த ஒரு மணி நேரம் எவரும் தட்டைத் திறக்கக்கூடாது. உள்ளே குமிழ்களாய்ச் சிறைப்பட்ட காற்று விரிந்து மாவைத் தூக்கி நிறுத்தும் வேளை அது. இடையில் குளிர்ந்த காற்று புகுந்தால் உறுதிப்படாத மாவு அமுங்கிவிடும். அதற்காகவே வெண்ணெயையும் சர்க்கரையையும் நிறம் வெளுக்கும்வரை அடிக்கவேண்டும் என்பார் அம்மா. கை ஓய்ந்தபோது அண்ணனும் நானும் மாறி மாறி அடித்தோம். கடைசியில் தென்னை ஈர்க்கு ஒன்றைச் செருகி எடுப்பார். ஈர்க்கில் மாவு ஒட்டாமல் வந்தால், "ஆச்சு" என்று ஒரே சொல்.

கேக் ஒன்றோடு விழா முடிந்துவிடாது. கொதிக்கும் எண்ணெயில் பூப்போல விரியும் அச்சு முறுக்கு, மாவை வெட்டிச் சிறு சிறு துண்டுகளாகப் பொரிக்கும் கலகலா, தேங்காய்ப் பூரணம் வைத்த சோமாசு, பாகு தப்பினால் பகையாகிவிடும் அதிரசம் ஆகிய அனைத்தும் டிசம்பர் இரண்டாம் வாரம் தொடங்கி ஒவ்வோர் இரவாக உருவாகும். பெண்கள் பகலெல்லாம் வயலிலும் வீட்டிலும் உழைத்து, பிள்ளைகளைத் தூங்கவைத்தபின் வாணலியை ஏற்றுவர். புது நன்மை, திருமுழுக்கு, திருமண ஒப்பந்தம் என்று ஒவ்வொரு நிகழ்வுக்கும் இதே கைகளே உழைத்தன. ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலத்துக்குப் போகும்போது, வழியில் குடியிருந்த அத்தை வீட்டுக்கென்று ஒரு தூக்குவாளி நிறையப் பலகாரம் போகும். எல்லாருக்கும் பங்கிட்டபின் உடைந்ததும் ஓரம் கருகியதுமே அம்மாவின் பங்கு. அதனைத் தியாகம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் நாம் இன்று அதனை எண்ணி நன்றி சொல்வதில் தவறில்லை. அத்தகைய உழைப்பைப் பெண்களின் தலையில் மட்டும் மீண்டும் ஏற்றாதிருப்பது அதனினும் சிறந்த நன்றியாகும்.

கேக் நமக்கு வெளியிலிருந்து வந்த பண்டம் என்பது உண்மையே. ஆனால் வந்த இடங்களில் எல்லாம் அது நம் மண்ணின் பொருளை ஏற்று நம்முடையதாயிற்று. தலைச்சேரியில் மாம்பள்ளி பாபு என்பவர் பர்மாவில் கற்ற தொழிலைக் கொண்டு பிஸ்கட் நிறுவனம் நடத்தி வந்தார். 1883இல் மர்டாக் பிரௌன் என்னும் தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக் ஒன்றை அவரிடம் கொடுத்து, அதுபோல் செய்து தருமாறு கேட்டார். மாகியிலிருந்து பிரெஞ்சு நாட்டுப் பிராந்தி வாங்கிச் சேர்க்கும்படி அவர் சொன்னதை விடுத்து, பாபு உள்ளூர் முந்திரிப்பழச் சாற்றில் வடித்த மதுவைச் சேர்த்தார் என்றும், சுவைத்தவர் மகிழ்ந்து மேலும் ஒரு டஜன் கேட்டார் என்றும் அங்கே இன்றும் வழிவழியாகச் சொல்கின்றனர். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் கேக் இதுவே என்று போற்றப்படுகிறது. புதுச்சேரிக் கிறிஸ்தவ இல்லங்களில் செய்யப்படும் 'விவிக்கம்' கேக்கில் மைதாவுக்குப் பதில் ரவை. ரம்மில் ஊறிய உலர்பழங்களும் முந்திரியும் அதற்குச் செறிவூட்டும். தூத்துக்குடி மக்ரூன் அதனினும் எளியது. முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் முந்திரியுமே அதன் முதல். பெயர் மட்டும் ஐரோப்பியருடையது.

கடல் கடந்து இலங்கைக்குச் சென்றால், இந்தக் கொடைப் பழக்கம் இன்னும் செழித்திருப்பதைக் காணலாம். கிறிஸ்து பிறப்புக்கும் திருமணத்துக்கும் அங்கே செய்யப்படும் கேக்கில் ரவை, முந்திரி, பூசணிப் பாகு, இஞ்சிப் பாகு, தேன், பன்னீர், பிராந்தி எனப் பல பொருள்கள் சேரும். பழங்களைப் பல நாள் முன்பே நறுக்கி ஊறவைப்பர். திருமண வீட்டில் கேக்கைச் சிறு விரல் நீளத் துண்டுகளாக்கி, தாளில் சுற்றி, வந்த விருந்தினர் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தனுப்புவர். வர இயலாதவர்க்கும் அது போய்ச் சேரும். உட்கார்ந்து உண்ணும் விருந்து வந்தவர்க்கே உரியது. சுற்றிக் கொடுக்கும் துண்டோ வராதவரையும் பந்தியில் அமர்த்துகிறது. போரினால் பல நாடுகளுக்குச் சிதறிய தமிழ்க் குடும்பங்கள் கனடாவிலும் பிரான்சிலும் இப்பழக்கத்தைக் கைவிடாமல் வைத்திருக்கின்றன.

எங்கள் முந்திரிக் காட்டையே எடுத்துக்கொள்வோம். முந்திரி இம்மண்ணில் தோன்றியதன்று. பிரேசில் நாட்டுக்குரிய அம்மரத்தைப் போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். இன்று ஆண்டிமடம், செந்துறை, செயங்கொண்டம் பகுதிகளில் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுவே வாழ்வு. கொட்டையை உடைக்கும் பெண்களின் விரல்களை அதன் தோட்டெண்ணெய் புண்ணாக்கும். சாம்பலைத் தடவிக்கொண்டு அவர்கள் உடைப்பர். கேக்கின்மேல் நாம் அழகுக்குப் பதிக்கும் முழு முந்திரி ஒவ்வொன்றும் அப்படி ஒரு விரலைக் கடந்து வந்ததே. கைமணம் என்பது சமைத்தவர் கையோடு முடிந்துவிடுவதன்று. விதைத்தவர், உடைத்தவர், இடித்தவர் என்று பல கைகள் அதில் சேர்ந்தே மணக்கின்றன.

இனி, இந்தப் பழக்கத்தின் கசப்பான பக்கத்தையும் சொல்லவேண்டும். விழாத் தட்டுகள் எங்கள் ஊரில் எல்லா வீட்டுக்கும் ஒன்றுபோலப் போகவில்லை. சமைத்த பண்டத்தை எங்கள் வீட்டிலிருந்து வாங்காத குடும்பம் ஒன்று தெருவின் தலைப்பில் இருந்தது. "அடுப்பேறாததா இருந்தாக் குடும்மா" என்று அவ்வீட்டுப் பாட்டி தன்மையாகத்தான் சொல்வார். அம்மா அரிசியும் வெல்லமும் வாழைப்பழமும் உடைத்த முந்திரியும் தட்டில் வைத்து அனுப்புவார். ஊரின் மறு கோடியில் வாழ்ந்த பெண்களோ எங்கள் பங்கைச் சேர்ந்தவர்கள். ஒரே ஆலயத்தில் எங்களோடு பூசை கண்டவர்கள். விழா நாளில் அவர்கள் கொல்லைப்புறம் வந்து முந்தானையில் பலகாரம் வாங்கிச் செல்வதே பல வீடுகளில் வழக்கமாக இருந்தது. அம்மா அவர்களை வாசல் திண்ணையில் அமரவைத்துத் தட்டில் கொடுத்தார். அதற்கு உறவினர் முகம் சுளிக்கவில்லை, கொடுப்பது பெருமைதானே! ஆனால் ஒரு பெருவிழா மாலையில் அவர்களுள் ஒருவர் வீட்டுக்குப் போய், அவர் அவித்த கொழுக்கட்டையை அங்கேயே அமர்ந்து அம்மா உண்டு வந்தபோது, எங்கள் சித்தப்பா வீட்டார் ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை.

அந்த வயதில் எனக்குப் புரியாத ஒன்று பின்னர் தெளிவாயிற்று. கொடுப்பதால் எவரும் தாழ்வதில்லை. ஆகவே கொடுப்பது எளிது. பிறர் கையால் ஆனதைப் பெற்று உண்ணும்போதுதான் அந்தக் கை நம் கைக்கு நிகர் என்று ஒப்புக்கொள்கிறோம். நற்கருணை அப்பம் கோதுமை மாவும் நீரும் மட்டும் கலந்து, சூடான இரண்டு இரும்புத் தகடுகளுக்கிடையே சுடப்படுவது. அதனை யார் பிசைந்தார், எந்தக் குலத்தார் சுட்டார் என்று எவரும் கேட்பதில்லை. ஒரே பீடத்திலிருந்து அந்த அப்பத்தைப் பெற்றுக்கொண்டு வெளியே வந்து, அடுத்த வீட்டு அடுப்பைப் பார்த்து மூக்கைச் சுளிப்பது எவ்வகையில் பொருந்தும்? திருச்சபைக்குள்ளும் இப்பாகுபாடு நிலவுவதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மக்கள் மேம்பாட்டுக் கொள்கையில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஆவணம் செய்யவேண்டியதைச் செய்துவிட்டது. மீதி நம் வீட்டு வாசற்படியில் நடக்கவேண்டியது.

அம்மா இறந்த ஆண்டு எங்கள் வீட்டில் வாணலி ஏறவில்லை. துக்கம் நேர்ந்த வீட்டில் ஓராண்டுக்குப் பலகாரம் சுடுவதில்லை என்பது நம் வழக்கம். அவ்வீட்டுப் பிள்ளைகள் ஏங்கிவிடக்கூடாது என்று உற்றாரும் அண்டை வீட்டாரும் கொண்டுவந்து கொடுப்பதும் நம் வழக்கமே. நம் முன்னோர் வகுத்தவற்றுள் இதனினும் கனிவான முறையை நான் அறியேன். துயரத்தில் இருப்பவரிடம் "ஆறுதலாக இருங்கள்" என்று சொல்வது எளிது. அடுப்பு அணைந்த வீட்டுக்குத் தன் அடுப்பிலிருந்து எடுத்துச் செல்வது செயலால் சொல்லும் ஆறுதல். அந்த டிசம்பரில் அப்பா திண்ணையில் பேசாமல் அமர்ந்திருந்தார். தட்டுகள் வந்தவண்ணம் இருந்தன. ஊரின் மறு கோடியிலிருந்து வந்த கொழுக்கட்டையும் இருந்தது. தெருத் தலைப்பு வீட்டிலிருந்து வந்த அதிரசமும் இருந்தது. சித்தப்பா வந்து அப்பாவின் அருகில் அமர்ந்தார். அப்பா கொழுக்கட்டைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். சித்தப்பா ஒன்றை எடுத்து உண்டார். எவரும் ஒன்றும் சொல்லவில்லை.

வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பது நம் மரபு. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்போம். அடுத்த ஆண்டு அந்த எல்லாப் பாத்திரங்களிலும் கேக்கை வைத்து நானே எடுத்துச் சென்றேன். தெருத் தலைப்பு வீட்டுப் பாட்டி பாத்திரத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டார். அவர் உண்டாரா என்பது அவருக்கே வெளிச்சம். ஆனால் அவருடைய பேத்தி வாசலிலேயே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "அக்கா, இது எப்படிச் செய்றது?" என்று கேட்டாள். மாற்றம் ஊரறிய முழக்கத்தோடு வருவதில்லை. சில வேளைகளில் அது கேக் துண்டு மெல்லும் வாயோடு செய்முறை கேட்கிறது.

இன்று பெரம்பலூரிலும் அரியலூரிலும் கேக் கிடைக்காத கடைத்தெரு இல்லை. டிசம்பர் பிறந்தால் பளபளக்கும் அட்டைப் பெட்டிகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. வேலைக்குச் செல்லும் பெண்கள் இரவெல்லாம் அடுப்படியில் நிற்க இயலாது. கடையில் வாங்குவதை நான் குறைகூற வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். வீட்டுப் பலகாரத்தை ஏற்காத வீடுகளும் மூடி முத்திரையிட்ட பெட்டியைத் தயக்கமின்றி ஏற்கின்றன. காரணம், பெட்டியில் யாருடைய கையும் தெரிவதில்லை. கேட்கப்படவேண்டிய கேள்வி ஒன்று அந்தப் பெட்டிக்குள் மூடி வைக்கப்பட்டுவிடுகிறது. கொடுப்பவர்க்கும் உழைப்பில்லை, பெறுபவர்க்கும் ஏற்பில்லை. பெட்டி ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கும், அங்கிருந்து மூன்றாம் வீட்டுக்கும் பிரிக்கப்படாமலே பயணம் செய்வதை நாம் எல்லாரும் அறிவோம். யாரையும் நினைத்துச் செய்யப்படாத பொருள் யாரிடமும் தங்குவதில்லை.

இதற்கு நடுவே நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. 2020இல் கொரோனா ஊரடங்கு நம்மை வீட்டுக்குள் அடைத்தபோது, பல இளம் பெண்களும் இளைஞர்களும் மின்னடுப்பில் கேக் செய்யக் கற்றனர். பிரஷர் குக்கரில் உப்பைப் பரப்பி, அடைப்பு வளையத்தையும் குண்டையும் நீக்கி, அம்மாவின் மணல் குண்டானையே அவர்கள் வேறு வடிவில் மீட்டனர். அவ்வாறு கற்றவருள் சிலர் அதனை வீட்டுத் தொழிலாகவும் நடத்துகின்றனர்; 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் செய்து விற்போரும் பதிவு பெறவேண்டும். வனஸ்பதி மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வெண்ணெயைக் கைவிடாதவர்களாக அவர்கள் இருக்கட்டும். எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு நூற்றுக்கு இரண்டுக்கு மேற்படலாகாது என்று 2022 முதல் நம் நாட்டிலேயே விதி உண்டு. அண்ணன் இப்போது சர்க்கரை நோயாளி. வெல்லம் சேர்த்தால் தீங்கில்லை என்று சிலர் சொல்கின்றனர். வெல்லமும் இரத்தத்தில் சர்க்கரையே. ஆகவே அவருக்கு நான் அனுப்புவது வறுத்த முந்திரியும் மிளகுத் தூளும் கலந்த ஒரு சிறு பொட்டலம். முந்திரி எங்கள் மண்ணிலிருந்தே வருகிறது. அவர் வாய்க்கு ஏற்றது எது என்று நினைத்துச் செய்வதே பரிசு. இனிப்பாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.

திருவிவிலியத்திலும் மாவு பிசையும் கைகள் முதன்மையான இடங்களில் வருகின்றன. மம்ரே மரத்தடியில் வந்த மூவர்க்காக, ஆபிரகாம் கேட்டபடி சாரா மூன்று மரக்கால் மாவைப் பிசைந்து அப்பம் சுட வேண்டியிருந்தது. வந்தவர் யார் என்பது அப்போது தெரியாது. மூவர்க்கு அவ்வளவு மாவு மிக மிக அதிகம். சாரிபாத்து ஊர்க் கைம்பெண்ணிடம் பானையில் ஒரு கைப்பிடி மாவும் கலயத்தில் சிறிது எண்ணெயுமே இருந்தன. மகனோடு கடைசியாக உண்டுவிட்டு இறக்கவிருந்த அவள், வேற்று நாட்டவரான எலியாவுக்கு முதலில் ஒரு சிறிய அப்பம் சுட்டுக் கொடுத்தாள். சாரா நிறைவிலிருந்து செய்தார். கைம்பெண் இன்மையிலிருந்து செய்தாள். இறையாட்சியைப் பற்றிப் பேசிய இயேசுவும், பெண் ஒருத்தி மாவில் பிசைந்து வைத்த புளிப்பு மாவை உவமையாக்கினார். அதுவும் மூன்று மரக்கால் மாவே! எலியாவின் கதையில் நான் மிகவும் வியப்பது ஒன்று உண்டு. இறைவாக்கினர் அவளிடம் கேட்டார், அவள் கையால் சுட்டதை ஏற்றார், உண்டார். அவளுடைய ஏழ்மை அவரைத் தடுக்கவில்லை. அவள் புற இனத்தாள் என்பதும் தடுக்கவில்லை.

அன்பு வாசகரே, வரும் விழாவுக்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஒரே ஒரு பண்டத்தை வீட்டிலுள்ள ஆண்களும் பிள்ளைகளும் சேர்ந்து கைகொடுத்துச் செய்யுங்கள். அச்சு முறுக்கோ அரைக்கிலோ கேக்கோ எதுவாயினும் ஆகுக. சற்றுக் கருகினாலும் தாழ்வில்லை. அதனைத் துக்கம் நேர்ந்த ஒரு வீட்டுக்கும், இதுவரை நீங்கள் போகாத ஒரு வீட்டுக்கும் எடுத்துச் செல்லுங்கள். அந்த வீட்டார் ஏதேனும் கொடுத்தால் வீட்டுக்குக் கொண்டுபோய் உண்பதாகச் சொல்லிப் பையில் வைத்துவிடாதீர்கள். பாயிலோ திண்ணையிலோ அமர்ந்து, அவர்கள் பார்க்க, அங்கேயே உண்டுவிட்டு வாருங்கள்.